குறிப்பு: ஒரு வரிக்கு மேற்படாமல்

பிராந்தியக் காரியாலயத்திலிருந்து ஒரு படிவம்.
மூன்று மொழியிலும் ஒரே கேள்வி:
தூள் கூடி மூச்சு நின்றவனை எழுப்பும் மருந்தைப்
பொலிசார் கையில் கொடுக்கலாமா?
ஆம். இல்லை. இரண்டு கட்டம்.
குறிப்புக்கு ஒரு கோடு.

மல்லாவி ஆசுபத்திரி மருந்தறையில்
என் கணக்கில் பதினொரு குப்பி நலொக்சோன்.
இரண்டுக்குத் திகதி முடிந்துவிட்டது.
மிச்சம் ஒன்பது உயிர்
என்று சொல்ல வாய் வரும். சொல்வதில்லை.
ஒருவனுக்கே சிலவேளை மூன்று போகும்.

புகழ்மாறனுக்கு ஒன்றும் போகவில்லை.

வவுனிக்குளம் அணைக்கட்டு,
துருசுக்குப் பக்கத்தில், பின்னேரம் ஆறரை.
குறட்டை விடுகிறான் என்றுதான்
டிலக்சன் நினைத்திருக்கிறான்.
நாவற்பழம் தின்ற மாதிரி உதடு நிறம் மாறியபிறகு
எங்களுக்குப் போன் அடித்துவிட்டு
ஓட்டோவை எடுத்திருக்கிறான்.
சந்தியில் காவலரண்.
சட்டைப்பையில் மிஞ்சிக் கிடந்த சரைக்கு
அங்கே என்ன பதில் சொல்வது?
வயல் பாதையால் சுற்றினான்.
நான்கு கிலோமீற்றர் கூட.
வாய்க்காலில் ஒரு சில்லு இறங்கிற்று.
வந்து சேர்ந்தபோது
நான் குப்பியை உடைத்து வைத்திருந்தேன்.
டொக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஊசியை என்னிடமே திருப்பித் தந்தார்.
பதிவில் 'விரயம், ஒன்று' என்று எழுதினேன்.

அன்றைக்குச் சந்தியில் நின்றது அசங்க.
பல்லுக்குத்துக்குப் பனடோல் கேட்டு வருகிறவன்.
அவனிடம் தமிழில் மூன்று சொல்:
ஐசி. எங்க. இறங்கு.
பிறகொரு நாள், என்னுடைய அரைச் சிங்களத்துக்குள்
அவன் சொன்னது விளங்கிற்று:
என்னிடம் இருந்திருந்தால்
மூக்கில் அடித்திருப்பேனே, மிஸ்.
அடித்திருப்பான்.
அசங்க என்பதால் நம்புகிறேன்.
அதே சட்டைக்குள் வேறு ஆள் நிற்கும் இரவுகளும் உண்டு.

ஆம் போட்டால்
விலங்கு தொங்கும் அதே இடுப்புவாரில்
மூச்சும் தொங்கும்.
இல்லை போட்டால்
அடுத்த பெடியனும் வயல் பாதையால்தான் வருவான்.
ஆம் போட்டாலும் வயல் பாதையால்தான் வருவான்,
சரையைப் பற்றிக் கேட்கமாட்டோம் என்று
யாராவது எழுதித் தராவிட்டால்.

அதற்குக் கட்டமில்லை.

தூள் எந்த வழியால் வருகிறதென்று
பாண்டியன்குளத்தில் பால் சேர்க்கிறவருக்கும் தெரியும்.
அதற்கும்.

படிவத்தோடு ஒரு துண்டுப்பிரசுரம்.
முப்பது பாகைக்குக் கீழே வைக்கவும் என்கிறது.
ஆவணி வெயிலில் நின்ற ஜீப்பின் கதவைத்
தொட்டுப் பார்த்தவர் எழுதியதில்லை.
தமிழ்ப் பக்கத்தில் மூச்சு
'முச்சு' என்று அச்சாகியிருக்கிறது.
கால் ஒன்றைப் பேனையால் நீட்டிவிட்டேன்.

பின்பக்கத்தில், எனக்குத் தெரிந்த சிங்கள எழுத்தில்,
அசங்க வாசிக்கும்படி,
எழும்புகிறவனுக்குச் சொல்ல ஒரு தமிழ் வரி:
பயப்படாதே, மூச்சு விடு.

எழுதி முடித்ததும் முதற் சொல்லை வெட்டினேன்.
ஒரு சித்திரை முழுக்க
ஒலிபெருக்கியில் எங்களுக்குச் சொன்ன சொல் அது.
புகழ்மாறனுக்கு அப்போது ஐந்து வயது.
சமாதான காலத்தில் பிறந்ததால் அந்தப் பெயர் என்று
உடம்பைப் பாரமெடுக்க வந்த அன்று தாய் சொன்னார்.
பங்கருக்குள் அவன் வாயைப் பொத்திப் பொத்தி
மூச்சு இருக்கிறதா என்று
விரலை வைத்துப் பார்த்ததையும்.

மூச்சு விடு. அது போதும்.

ஆம் என்பதில் புள்ளடி போட்டேன்.
குறிப்பில்: மருந்து வைத்திருப்பவர்
விலங்கு வைத்திருக்கக்கூடாது.
கோடு முடிந்து ஓரத்தில் ஏறி எழுதியதில்
கடைசிச் சொல் மடிப்புக்குள் போய்விட்டது.

திகதி முடிந்த இரண்டையும்
இந்தக் கிழமை கழிவுக்கு அனுப்பவேண்டும்.
இன்னும் அனுப்பவில்லை.