கரண்டி எண் 214

பூலா நகரத்து மீன் சந்தைக்கு மேலே,
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
போர்க்கப்பலில் இருந்ததாகச் சொல்லும் எதையும்
இங்கேதான் கொண்டுவருவார்கள்,
மூச்சிரைக்க, செய்தித்தாளில் சுற்றி.

என் வேலை நம்பாமல் இருப்பது.

அமோனியாவும் உப்பும் தடவி
ஒரே வாரத்தில் நூறு வயது ஏறிய மணிகள்.
தேநீரில் குளித்து வந்த மாலுமிக் கடிதங்கள்.
1911-இன் திசைகாட்டியில்
அப்போது பிறந்தே இராத திருகாணி.
புளி போட்டுத் தேய்க்காமலே
பல்லிளிக்கும் பித்தளை.
உதட்டைப் பிதுக்குவேன். இறங்கிப் போவார்கள்.
படிக்கட்டில் மூன்று மொழியில் வசவு கேட்கும்.

கிராட்ஸிலிருந்து வருவார் ஓட்டோகார் ஹ்ராஷான்,
பல்மருத்துவராக இருந்தவர்.
ஊரில் எத்தனையோ கப்பல் மூழ்கியிருக்க
அவருக்கு ஒன்றே ஒன்று: மெலூசினா.
1917, கண்ணிவெடி, பதினொரு நிமிடம்.
அறுபத்தொரு துண்டு சேர்த்துவிட்டார்.
எல்லாம் முக்குளிப்பவர்கள் எடுத்தவை,
எல்லாவற்றுக்கும் என் கையெழுத்து.
வரவேற்பறைத் தரையில் சுண்ணக்கட்டியால்
கப்பலைச் சிறிதாக வரைந்து
அழுத்தமானியை அதன் இடத்தில்,
கதவுக் கைப்பிடியை அதன் இடத்தில்,
ஒரு முழத் தேக்குப் பலகையை அதன் இடத்தில்
வைத்திருக்கிறாராம்.
சமையற்கட்டு மட்டும் காலி.
அவர் மனைவி அந்த வழியாகத்தான்
பால்கனிக்குப் போவாள்.

மார்ச் மாதம், ரொவீனியிலிருந்து
ஃபியொரெல்லா பெனுஸ்ஸி.
முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது.
வெங்காயப் பைக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள்
ஒரு சூப்புக் கரண்டி.
"வெந்நீர் பாய்லர் போயிடுச்சு.
இது எவ்வளவு பெறும்?"

நங்கூரம். கிரீடம். எண்.
காம்பின் அடியில் கப்பலின் பெயர்.
கடல் தின்ற தடம் எங்கும் இல்லை,
ஒரு புள்ளிகூட.
இடது ஓரம் மட்டும் பிறைபோல் தேய்ந்திருந்தது,
மக்காச்சோளக் கூழின் அடியைச்
சுரண்டிச் சுரண்டி.
போலி செய்கிறவர்கள் துருவைச் செய்வார்கள்,
களிம்பைச் செய்வார்கள்.
பசியைச் செய்ததை நான் பார்த்ததில்லை.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.
சட்டி அறுபது மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.
அகப்பை மட்டும் எப்படி வந்தது?

கிடங்குப் பேரேடு கரையில் இருந்ததால் பிழைத்தது.
இரண்டு நாள் தேடினேன்.
"கரண்டி 214. காணவில்லை.
தீயூட்டுநர் ஜாக்கொமோ பெனுஸ்ஸி.
சம்பளப் பிடித்தம் நாற்பது ஹெல்லர்."
தேதி, கப்பல் மூழ்குவதற்குப் பத்தொன்பது நாள் முன்.
அவன் கடைசி விடுப்பு முடிந்த வாரம்.

சான்றிதழ் தட்டச்சு செய்தேன்.
அசல். ஐயமில்லை.
'கப்பலை விட்டு நீங்கிய விதம்' என்றொரு கட்டம்.
விரல் அங்கே நின்றது.

தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்,
பிறகு அதை மூடும் சத்தம்.
"திருடினதா?"
பேரேடு அப்படிச் சொல்லவில்லை என்றேன்.
"நாப்பது கட்டிட்டாருல்ல?
அப்ப வாங்கினதுதான்.
அப்படியே போடுங்க."

போட்டேன்: விலைக்கு வாங்கப்பட்டது.
இருபது வருடத்தில்
நான் எழுதிய ஒரே நேரான வரி அது.

ஹ்ராஷான் மறுநாளே ரயிலேறி வந்தார்.
தேய்மானத்துக்கு இருபது சதம் கழித்தும்
இரண்டு பாய்லர் வாங்கும் தொகை.
ஃபியொரெல்லா கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள்,
கரண்டியை முந்தானைத் துணியில் துடைத்து
வெங்காயத்தோடு போட்டுக்கொண்டாள்.
"ராத்திரிக்குக் கூழ் கிண்டணும்."
படியில் அவள் திட்டவில்லை. தும்மினாள்.

மேசையில் சான்றிதழ் கிடந்தது,
பொருள் போய்விட்ட சான்றிதழ்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
நெடுநேரம் துடைத்தார்.
"அதையாவது கொடுங்களேன்."

சட்டப்படி கூடாது. கொடுத்தேன்.
தட்டச்சுக் கூலி மட்டும் வாங்கினேன்.

சமையற்கட்டின் சுண்ணக்கோட்டுக்குள்
தாள் பறக்காமலிருக்க ஒரு கூழாங்கல்லோடு
வைத்திருக்கிறாராம்.
பால்கனிக்குப் போக
அவர் மனைவி இப்போது சுற்றித்தான் போகிறாள்.