நிபந்தனைகளுக்கு உட்பட்ட தென்னை

கட்டடம் டொரன்டோவில் இருந்தது.
கூரையிலும் படிகளிலும் பனி.
பனியை மட்டும் எடுத்துடு தம்பி என்றார்
சேர்க்கைப் பிரிவு மேலாளர் ஞானப்பிரகாசம்.
எடுத்தேன்.
வெறிச்சென்று இருந்தது.
ஒரு தென்னை வைத்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஃபிளெக்ஸ் கடை.
சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
வடிவமைப்பு இலவசம்,
அந்த இலவசம்தான் நான்.

நாற்பதுக்கு இருபது.
'ஆசியாவில் ஏழாவது இடம்.'
யார் கொடுத்த இடம் என்று கேட்கவில்லை.
காலையில் எட்டாக இருந்தது,
மதியம் போன் வந்ததும் ஏழாக்கினேன்.
'நூறு சதவீத வேலை.'
அதன் தோளில் ஒரு நட்சத்திரம்.
சின்னதா வை.
இன்னும்.
கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தாப் போதும்.
அந்தக் கொசுவுக்கான பதவுரை
அடியோரத்தில், சாம்பல்மேல் சாம்பலாக:
வேலை என்பது
நேர்முகத் தேர்வுக்கு அனுப்புவதைக் குறிக்கும்.

ஜவான்ஸ் பவன் சாலைத் திருப்பத்தில்
இரண்டு வருஷம் நின்றது.
கடல்காற்று கிழிக்காமலிருக்க
அங்கங்கே ஓட்டை போட்டிருந்தோம்.
ஒன்று, பட்டமளிப்பு அங்கியில் சிரிக்கும் பெண்ணின்
முன்பல்லில் விழுந்துவிட்டது.
வண்டியில் போன யாருக்கும் தெரியவில்லை.

முதுநகர் யாழரசிக்குத் தெரிந்திருக்கிறது.
கழற்றிய அன்று முந்நூறு ரூபாய் கொடுத்து
ஒப்பந்தக்காரரிடம் வாங்கி வைத்துக்கொண்டாள்.
நாலு லட்சத்து எண்பதாயிரம் வங்கிக் கடன்.
கல்லூரி அனுப்பிய நேர்முகங்கள் ஒன்பது.
வில்லியனூரில் ஒரு கிடங்கில்
பதினோரு பேருக்கு ஒரு நாற்காலி,
அதுவும் வாடகை நாற்காலி.

நுகர்வோர் ஆணையத்தின் முன்வாசலில் விரித்தார்கள்.
டவாலி ஒரு முனை, டீக்கடைப் பையன் ஒரு முனை,
நடுவில் வேறு வழக்குக்கு வந்தவர்கள்.
குனிந்து அளந்தார் உறுப்பினர்:
நட்சத்திரம் ஒன்றேகால் அங்குலம்.

அவளே எழுந்து கேட்டாள்.
'கட்டடத்து நிழல் இந்தப் பக்கம் சார்,
தென்னை நிழல் அந்தப் பக்கம்.
எந்த ஊர்ல ரெண்டு சூரியன்?'
எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.
படம் சித்திரிப்பு மட்டுமே என்று
கீழே போட்டிருக்கிறோமே.

பிறகு என்னைக் கேட் பக்கம் நிறுத்திக் கேட்டார்கள்,
அங்கிருந்து அந்த எழுத்து தெரிகிறதா என்று.
'தெரியுதுங்க ஐயா. வச்சது நான்தானே.'
தட்டச்சர் அடித்தது: சாட்சி தெரிகிறது என்றார்.
மீதியை விட்டுவிட்டார்.
அதற்கு ஒரு நட்சத்திரம்கூடப் போடவில்லை.

வாய்தா பதினேழாம் தேதிக்கு.
பிடித்திருந்தவர்கள் கலைந்தார்கள்.
'அந்த முனையக் கொஞ்சம் புடிங்க' என்றாள்,
யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்துதான்.

மடிக்க மடிக்கக் கிட்டே வந்தோம்.
ஆசியா போனது. ஏழு போனது.
ஓட்டைப்பல்காரி குப்புற விழுந்தாள்.
கடைசி மடிப்பில் மரம் மட்டும் மேலே.

'சேர்ந்த அன்னிக்கு மொதல்ல இதத்தான் தேடுனேன்.
கேன்டீன் பின்னாடி, தண்ணித்தொட்டி பக்கம்.
வாட்ச்மேன்கிட்டகூடக் கேட்டுப் பாத்தேன்.'

வெள்ளிக் கடற்கரையில் நிற்கிறது அது,
கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால்.
தானே புயலில் சாய்ந்த மரம்,
நிமிர்த்தித்தான் ஒட்டினேன்.
சொல்ல வாயெடுத்தேன்.

போன் அடித்தது. ஞானப்பிரகாசம்.
கல்லூரிக்குப் புதுப் பேராம்.
நாற்பதுக்கு இருபது, நாளைக்கே வேண்டுமாம்.
பாக்கியெல்லாம் மாத்திடு தம்பி,
தென்னை அப்படியே இருக்கட்டும்.
ராசியான மரம்.