ஓரக்குறிப்பு

சுஸ்கோ என்றால் தும்புக்கா மொழியில் தொல்லை.
மழை பொய்த்த வருடம் பிறந்தவளுக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்.
லிலோங்வே கருவூலத்தில்
முப்பத்தோராண்டு அந்தப் பெயர்
கோப்புகளின் ஓரத்தில் பச்சை மையில் கிடந்தது:
சுஸ்கோ லுஹங்கா.

நான் அவருக்குத் தட்டச்சு செய்தவன்.
வாக்கியங்களை நான் நீட்டுவேன், அவர் வெட்டுவார்.
‘கருணையோடு பரிசீலிக்க இயலுமாயின்’ என்று
அரைப்பக்கம் அடித்துக்கொண்டு போனால்
மூன்று சொல் மிஞ்சும்:
இந்த ஆண்டு இல்லை.

பள்ளிக் கூரைக்கும் அதுதான்.
ஜனாதிபதியின் மைத்துனர் கேட்ட விமானத்துக்கு மட்டும்
முதல் இரண்டு சொல்லையும் அடித்துவிட்டார்.
அதற்காக மங்கோச்சியில்
மீன்வளத் துறையின் ஈர அறையொன்றில்
எட்டு மாதம் உட்கார வைத்தார்கள்.
திரும்பி வந்தபோது அவர் கைப்பையில்
தாளில் மட்டும் மிதந்த
பதினொரு அரசுப் படகுகளின் பட்டியல் இருந்தது.

குவாச்சாவின் மதிப்பைப் பாதியாக்கிய வெள்ளிக்கிழமை
வங்கிகள் மூடும்வரை யாரிடமும் சொல்லவில்லை.
என்னிடமும்.
திங்களன்று அவர் முகத்தைப் பார்க்காமல்
தட்டச்சு செய்தேன்.
தேநீரில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை அவர்.
கவனித்தேன்.
கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆட்சி மாறியது, அமைச்சரானார்.
கதவைத் திறந்துவிட ஓர் ஆள், பெட்டி தூக்க ஓர் ஆள்.
“முன்பெல்லாம் கடிதம் எழுதிக் கேட்டார்கள்,
இப்போது எதிரே உட்கார்ந்து அழுகிறார்கள்” என்றார்.
பதில் எதிர்பார்த்துச் சொன்னதில்லை அது.

மார்ச் மாதம்.
தெற்கு ருகுரு கரைபுரண்டு ஓடுகையில்
அவருடைய ஊர்ப்பக்கம் போனோம்.
கார் நின்றது. பாலம் இல்லை.
பாலம் கேட்ட விண்ணப்பம்
பதினான்கு வருடப் பழசு, என் மடியில் இருந்தது,
ஓரத்தில் அந்தப் பச்சை மூன்று சொல்லோடு.
திறக்கவா என்று நான் கேட்கவில்லை.
அவரும் திற என்று சொல்லவில்லை.

மரத்தைக் குடைந்த ஓடம்.
ஆளுக்கு இருநூறு, கோழிக்கு ஐம்பது.
செருப்பைக் கையில் பிடித்தபடி
ஒரு நிறைசூலிக்கும் நனைந்த சோள மூட்டைக்கும் நடுவே
நாட்டின் நிதி.
ஓடம் ஒருமுறை சாய்ந்தது.
நிறைசூலி அவர் தோளைப் பற்றிக்கொண்டாள்,
கரை வரும்வரை விடவேயில்லை.

இறங்கியதும், பழக்கம் விடுமா, ரசீது கேட்டார்.
துடுப்புக்காரன் சிகரெட் அட்டையொன்றைக் கிழித்தான்.
பெயர்?
“சுஸ்கோ.”
தொல்லை, இருநூறு, பெறப்பட்டது
என்று எழுதிக் கொடுத்துவிட்டு
ஓடத்துக்குள் தேங்கிய நீரை
மொண்டு இறைக்கப் போய்விட்டான்.

அந்த அட்டை பயணப்படி விண்ணப்பத்தில்
குண்டூசி குத்தி என் மேசைக்கு வந்தது.

பட்ஜெட் வரைவும் வந்தது, இருபத்தேழாம் பக்கம்.
பாலத்துக்கு எதிரே ஒரு தொகை,
அதன்மேல் கோடு,
கோட்டுக்கு மேலே மறுபடி ஒரு தொகை.
அதற்கும் ஒரு கோடு போட ஆரம்பித்து
பாதியில் பேனா நின்றிருந்தது.

அச்சுக்கு எதை அனுப்பினாய் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
அதே பக்கத்தில், இரண்டு வரி கீழே,
என் ஓய்வூதியம்.