பொழுது சாய்ஞ்சதும்

நார்வேயின் வடகோடி வாட்சோவில்
ஜூன் மாதம் சூரியன் மறைவதில்லை.
தெரிந்தேதான் சொன்னாள் தூர்டிஸ்:
"பொழுது சாய்ஞ்சதும் டேப்லெட் பார்க்கலாம்."

சின்னவன் நம்பினான்.
ஒன்பது வயது ஓஸ்னெ
நாள்காட்டியைப் புரட்டினாள்,
ஒன்றும் பேசாமல்
தூண்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் ஐந்து வாரம்
வீடெல்லாம் மீன் செதில்,
சோபாவில் ஈரக் கால்சராய்,
குளியல் தொட்டியில் ஒரு நண்டு.

ஜூலைக் கடைசியில் ஒரு நடுநிசி
தோளை உலுக்கினாள் மகள்:
"அம்மா, சாய்ஞ்சிடுச்சு."
கடலுக்கு மேலே வெறும் சிவப்பு.

சொன்ன சொல்.
அலமாரியைத் திறந்தாள்.
பேட்டரி செத்துக் கிடந்தது.
சார்ஜரைச் செருகிவிட்டு
மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

திரையில் வெளிச்சம் வருமுன்
ஜன்னலில் வந்துவிட்டது.

ஓஸ்னெ கொட்டாவி விட்டாள்:
"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே சாயும்."