சிவப்பு என்று சொல்லப்படுவது

என் கண்ணுக்குச் சிவப்பு வராது.
பதினெட்டு வயதில், ரயில்வே மருத்துவர்
புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி
என்ன எண் என்றார்.
எண்ணா, எங்கே என்றேன்.
அதற்குப் பிறகு பர்துபிட்செ ரொட்டி ஆலையில்
இரவு ஷிப்ட்.

அப்படிப்பட்டவன்தான்
சிவப்பு உடும்பு வளர்க்கிறேன்.
சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

வெளியே மைனஸ் பதினொன்று.
ஆற்றின் ஓரம் உறைந்து வாத்துகள் நடக்கின்றன.
கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்குக்கு நேர் கீழே,
கற்பலகையில் அறுபது டிகிரி.
அதில் வயிற்றை அப்பிப் படுத்து
ஒற்றைக் கண்ணால் என்னை எடைபோடுகிறாள்
முள்வால்காரி.
அவள் சிவப்பு என்பது
எனக்குக் கேள்வி ஞானம்.

நனைந்த செங்கல் என்கிறாள் வெந்துலா.
துருப்பிடித்த பாலம் என்கிறான் ராதிம்.
குலாஷ் தீர்ந்தபின் தட்டின் ஓரம்,
இது அவனுடைய ஆறு வயது மகள்.
எல்லாவற்றையும் நோட்டில் குறித்திருக்கிறேன்.
தோல் உரித்த மறுநாள்: "இன்றைக்கு இன்னும்."
ஜன்னலோரப் பனிவெளிச்சத்தில்: "பழுப்புதானே, ஏமாந்துவிட்டாய்."
விளக்கைப் போட்டதும்: "அடேயப்பா."
என் நோட்டில் சிவப்பு
இரண்டு நாள் ஒரே மாதிரி இருந்ததில்லை.

மாதக் கடைசி ஞாயிறு
ராதிமின் கராஜில் கூடுவோம்.
ஆளுக்கொரு பித்து.
ராதிமுக்கு நீலம்:
வாலைச் சுருட்டிக் கிளையில் தொங்கும் ஒல்லி உடும்பு.
நாங்கள் வாங்காத கார் அதுதான் என்கிறாள் அவன் மனைவி.
த்ராஹோமீராவுக்குக் கறுப்பு.
ஒரு புள்ளிகூட இல்லாத நீருடும்பு
குளியல்தொட்டியை எடுத்துக்கொண்டுவிட்டது;
அவள் குளிப்பது தங்கை வீட்டில்.
ஓல்திர்ஷிக்குக் கந்தக மஞ்சள்.
கறை குறையக் குறைய விலை ஏறும் என்று
பூதக்கண்ணாடியோடு அலைகிறான்.

பேச்சின் நடுவே யாராவது
"இதைப் பாரேன்" என்று கை நீட்டுவார்கள்.
என் ஞாபகம் வந்து, கையை மடக்கிக்கொள்வார்கள்.
நீட்டிய கை போதும் எனக்கு.
மடங்கும்போதுதான் சங்கடம்.

மார்ச்சில் பதினொரு முட்டை.
இருபத்தொன்பது டிகிரி, நூற்றுப் பத்து நாள்.
இரண்டு பூஞ்சை பிடித்துப் போயின.
மீதி ஒன்பதும் வெளியே வந்தன:
விரல் நீளம், ஈரம், கடுங்கோபம்.

பிர்னோவிலிருந்து வாங்க வந்தவன்
டார்ச் அடித்து வரிசையாகச் சொன்னான்.
சிவப்பு. சிவப்பு. நல்ல சிவப்பு. சுமார். சிவப்பு.
ஏழைத் துணிப்பைகளில் போட்டுக்கொண்டான்.
இரண்டை ஒதுக்கினான்.
"நிறம் போதாது."

காசை எண்ணி வைத்துவிட்டு
ஒதுக்கியதில் ஒன்றைக் கையில் ஏற்றினேன்.
நகம் ஒரு ரவை அளவு;
பிடி மட்டும் உடும்புப் பிடி.
கண்ணருகே கொண்டுவந்தேன்.
கூடப் பிறந்த எட்டுக்கும் முதுகெல்லாம் வளையம்,
வளையத்துக்குள் பொட்டு.
இதற்கு ஒன்றுமே இல்லை.
கழுத்தில் தொடங்கிய இரண்டு கோடு
இடறாமல் வால்வரை போகிறது.
நிறத்தைத் தேடி வந்தவன்
முதுகைப் பார்க்காமல் போயிருக்கிறான்.

அவனுக்குப் போன் செய்யலாமா என்று
ஒரு நிமிடம் யோசித்தேன்.
ஒரு நிமிடம்தான்.

சாயங்காலம் வெந்துலா வந்தாள்.
குனிந்து பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்து
எப்படி இருக்கிறது, சொல் என்றேன்.
"என்னைக் கேட்டால்?
முதலில் பார்த்தது நீதானே."

பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
மாவு தூவிய மேஜையில்
இரண்டு விரலை வைத்து, எடுக்காமல்,
இந்த முனையிலிருந்து அந்த முனைவரை
யாரோ இழுத்த மாதிரி.

பத்து மணிக்கு ஷிப்ட்.
கிளம்பும் முன் இரண்டு பாச்சை போட்டேன்.
ஒன்றைப் பிடித்தது.
இன்னொன்று இப்போதும்
கற்பலகைக்குப் பின்னால் கத்திக்கொண்டிருக்கும்.