இரண்டு சென்டிமீட்டர்

ஔலு மருத்துவமனையின் நிலவறை.
பிற்பகல் இரண்டே முக்கால்.
சன்னல் ஒன்று இருந்திருந்தால்
வெளியே இருட்டிவிட்டது தெரிந்திருக்கும்.

உடம்புக்குள் இரும்பு உண்டா?
படிவத்தின் நாலாவது கேள்வி.
லெம்பி இல்லை என்று கோடு போட்டாள்.
தௌனோ பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.
ராஹெ உருக்காலையில் முப்பத்தொரு வருடம்
பற்றவைப்பு வேலை.
எக்ஸ்ரேயில்
இடது விழியோரம் ஒரு துணுக்கு,
எள்ளில் பாதி.
எந்த வருடத்துப் பொறியோ.
காந்தம் அதை மறக்காது;
பழைய கடன்காரனைப் போலச் சட்டையைப் பிடித்து இழுக்கும்.

ஆகவே சோதனை ஒன்று, அறைகள் இரண்டு.
அவளுக்குக் காந்தம். அவருக்கு வெளிச்சம்.
கேட்க வேண்டியது இவ்வளவுதான்:
மற்றவர் தன் பெயரை அழைக்கும் குரல்.

மோதிரம், கண்ணாடி,
உள்ளாடைக் கொக்கிகூட வாங்கி வைத்துக்கொண்டு
அவளைக் குழாய்க்குள் அனுப்பினேன்.
காந்தம் சத்தம் போட்டுத்தான் பார்க்கும்.
தகரக் கூரையில் யாரோ ஆணி அடிப்பார்கள்,
நிறுத்துவார்கள்,
வேறு தாளத்தில் அடிப்பார்கள்.
தும்மக் கூடாது. சிரிக்கக் கூடாது.
அரிசி மணியளவு தலை அசைந்தாலும்
படத்தில் மூளை பேயாய் இரட்டிக்கும்.
ஆனால் அடிவரை போகும்.
நினைவு சுருண்டு கிடக்கிற இடம்வரை,
பாதாம் கொட்டை அளவு அச்சம்வரை.

அடுத்த அறையில் தௌனோ
கால் ஆட்டினார், மூக்கை உறிஞ்சினார்,
வெளிச்சம் பொறுத்துக்கொண்டது.
ரப்பர் தொப்பி. அறுபத்து நான்கு கண்கள்.
முடியைக் குச்சியால் விலக்கி விலக்கி
ஒவ்வொரு கண்ணுக்கும் வழி செய்ய வேண்டும்.
உச்சி வழுக்கையைத் தட்டிக் காட்டி
"இங்க ரோடு போட்டாச்சு" என்றார்.
போன வாரம் வந்த உபாஹ்வின் பின்னல்களில்
பாதிக்கு மேல் தொலைந்துபோனது.
கருமுடி விழுங்கிவிடுகிறது, கருந்தோலும்.
இதைச் செய்தவர்கள்
தங்கள் தலையில் மட்டும் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

இரண்டு சிவப்புகள்,
கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்.
தோலையும் எலும்பையும் கடந்து
மூடுபனியில் கார் விளக்குபோலச் சிதறி
இரண்டு சென்டிமீட்டர் போய்த் திரும்பும்.
அதற்குக் கீழே
அதற்கு ஊரும் தெரியாது, வழியும் தெரியாது.

இரண்டும் பார்ப்பது எண்ணத்தை அல்ல,
ரத்தத்தை.
உயிர்வளியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்கும் ரத்தம்
காந்தத்தைச் சற்றே குழப்பும்,
வெளிச்சத்துக்கு நிறம் மாறிக் காட்டும்.
அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாக,
விருந்தாளி போன பிறகு
காப்பியோடு வருகிறவரைப் போல.
(அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நிஜமானால்
எனக்கு இந்த வேலையே இருந்திருக்காது.)

ஒலிபெருக்கியில் "தௌனோ."
ஆறாவது நொடியில்
காதுக்கு மேலே ஒரு சின்ன மேடு.
அங்கே "லெம்பி."
ஆழத்தில், மிக அடியில்,
ஏதோ மஞ்சளாகத் திரண்டது.

தொப்பியைக் கழற்றும்போது கேட்டார்:
"அவளுக்கு எவ்வளவு ஆழத்துல தெரிஞ்சது?"
சொல்ல அனுமதி இல்லை.
"சரி, எனக்கு?"
"உங்களுக்கு மேலாப்புலதான் தெரியும்."
"அடியில ஒண்ணுமில்லங்கிறியா?"
"வெளிச்சம் போகலங்கிறேன்."
நெற்றியில் பதிந்த வட்டங்களைத் தடவிக்கொண்டே
"பொறி போயிருக்கே" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் மைனஸ் இருபத்திரண்டு.
நான் சிகரெட்டோடு சுவரோரம்.
லெம்பி உரக்கப் பேசினாள்,
காந்தம் இன்னும் அவள் காதில் இருந்தது.
தௌனோ அவள் கையுறையை உருவி
கைபேசி விளக்கை
உள்ளங்கைக்கு அடியில் வைத்தார்.
விரல் முழுக்கச் சிவப்பு.

"என்ன தெரியுது?"
"எலும்புகூடத் தெரியல."
"குளிருது, கையுறையக் குடு" என்று சொல்லி
கையை எடுக்காமல் நின்றாள்.