அகப்பையில் வந்தது

பீன்ஸ் வேகும்போது நான் பேசுவதில்லை.
புவெப்லா சந்தையின் பின்தெருவில்
என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.
புதுப் பாத்திரத்துக்குத் தெரியாது.

எஃகு. இரண்டு வாரக் கடை வருமானம்.
எலெயுத்தேரியோ விரலால் சுண்டிப் பார்த்து
"ஆஸ்பத்திரிச் சத்தம்" என்றான்.
சரிதான். அங்கேதான் ஆரம்பித்தது.

நான்கு வயது நிக்காந்த்ரோ
தெரிந்த சொற்களைத் தொலைத்துக்கொண்டிருந்தான்.
முதலில் 'ஏணி'. பிறகு 'நேற்று'.
வயிறு வலிக்கிறது என்றான், பூச்சி மருந்து கொடுத்தேன்.
மருத்துவர் ஈயம் பூசினதும் பூசாததுமாகப் பேசினார்:
பயப்பட ஒன்றுமில்லை, தாமதிக்கவும் கூடாது.
தாளில் இருந்தது வேறு ஈயம்.
காரீயம். இரத்தத்தில். பதினொன்று.

என்ன பதினொன்று என்று கேட்டேன்.
மைக்ரோ என்று தொடங்கும் ஏதோ சொன்னார்.
கண்ணுக்குத் தெரியாத அளவு என்றுமட்டும் புரிந்தது.

வீட்டுக்கு வந்த நர்ஸ் யாரெட்ஸி
சுவரைத் துடைத்தாள், குழாயை, பொம்மை லாரியை.
பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.
பிறகு அடுப்பைப் பார்த்தாள்.
"அதையா?" சிரித்துவிட்டேன்.

என் கல்யாணத்துக்கு வந்த கசுவெலா அது.
இரு கையாலும் தூக்கவேண்டிய மண்சட்டி,
உள்ளே தேன் ஊற்றிக் காய்ந்ததுபோல் மினுக்கம்.
எண்பது பேருக்கு மோலே கிளறியிருக்கிறேன்.
பச்சைத் தக்காளிச் சாறு ராத்திரி முழுக்க அதில் கிடக்கும்,
விடிந்தால் புளிப்பு அடங்கி லேசாய் இனிக்கும்.
ஒபுதூலியாவின் கைமணம் என்றார்கள்.
நானும் நம்பினேன்.

பஞ்சு சிவந்தது.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.
சட்டியே வரும் என்று யார் சொன்னார்கள்?

மூன்று நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.
நான்காம் நாள் குப்பை வண்டிக்கென்று வாசலில் வைத்தேன்.
வண்டியின் மணி கேட்குமுன்பே
மாடிக்குப் புதிதாய்க் குடிவந்த ப்ரிசிலியானா
அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருமுனை திரும்பினாள்.
செருப்பில்லாமல் ஓடினேன்.
"என்னுடையது, கொடு."
"எறிந்ததுதானே?"
"எறிந்ததுதான். கொடு."
கஞ்சப்பிசினாறி என்றது அவள் முகம்.
விளக்க மூச்சில்லை, பிடுங்கிக்கொண்டு வந்தேன்.
மறுநாள் போய்ச் சொன்னேன். பாதி நம்பினாள்.

உடைத்தால் தூள் பறக்கும்.
எலெயுத்தேரியோ தண்ணீர் ஊற்றி ஊற்றி
அடியில் கட்டைவிரல் அளவு ஒரு துளை போட்டான்.
இனி யார் எடுத்துப்போனாலும் சமைக்க முடியாது.
துளை வழியே வானம் பார்க்க வந்தான் நிக்காந்த்ரோ.
கையில் ஓங்கி ஒன்று வைத்தேன்.
அழுதான். அடித்தது சட்டியைத்தான்,
அவனுக்கு அது எப்படித் தெரியும்?

எட்டு வருடமாக என் பீன்ஸைத் தின்றவர்களை
ஒரு ராத்திரி எண்ணத் தொடங்கினேன்.
பள்ளிச் சீருடைகளில் வந்து நின்றுவிட்டேன்.
'ஈயமில்லாத பாத்திரம்' என்று
அட்டையில் பெரிதாய் எழுதினேன்.
"அப்போ இத்தனை நாள்?" என்றான் எலெயுத்தேரியோ.
அட்டையைத் திருப்பி விலைப்பட்டியல் எழுதினேன்.

செப்டம்பரில் ஒன்பது. இப்போது ஏழு.
'ஏணி' திரும்பிவிட்டது.
'நேற்று' இன்னும் வரவில்லை.

இந்தப் பாத்திரத்தில் பீன்ஸ் அடிப்பிடிக்கிறது,
தீயைக் குறைத்தால் நேரமாகிறது,
புளிப்பு புளிப்பாகவே இருக்கிறது.

தோன் ஃபிதென்சியோ தோர்த்தியாவைக் கிழித்து,
தோய்த்து, மென்று, நிறுத்தி,
"என்னவோ குறையுதே, ஒபுதூலியா" என்கிறார்.
போன வாரமும் சொன்னார்.
போன வாரம் உப்பை நகர்த்தி வைத்தேன்.

இன்றைக்கு அடுப்பைத் தணிக்கிறேன்.
கையைத் துடைத்துக்கொண்டு
எதிர் ஸ்டூலில் உட்காருகிறேன்.

"உங்கள் பேத்திக்கு இப்போது என்ன வயது?"